கூடப்பிறந்தவள் நிற்கும் இடம்

முதலில் கெடுத்தவன் பொங்கியண்ணன். அதற்கப்புறம் கெடுத்தவர்களும் உண்டு. வாய் திறக்காமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற அப்பன் உண்டு, பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அதே தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த அம்மா உண்டு, சண்முகம் உண்டு, ஊரும் உண்டு. ஆனால் முதல் ஆள் பொங்கியண்ணன்தான். மாரப்பனின் மனசுக்குள் அந்த வரிசை ஒரு நாளும் முன்பின்னாக மாறியதில்லை. அப்பனின் கூடப்பிறந்த அண்ணன் என்பதால் வாய் பெரியப்பா என்று கூப்பிடும். மனசு பேர் சொல்லித்தான் கூப்பிடும். இப்போதும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டு, கல்யாண மண்டபத்தில் மூன்றாவது வரிசையில், காற்றாடிக்கு நேர் கீழே, கஞ்சி விறைப்பு விடாத புது வேட்டி தொடையை அறுக்க உட்கார்ந்திருந்தார். மேடைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் பொங்கியண்ணனைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தொண்ணூறு தாண்டிய ஆள். பின்கழுத்து மட்டும்தான் இங்கிருந்து தெரிந்தது. தோல் மடிந்து, நடுவில் ஒரு குழி விழுந்து, இறகு பிடுங்கிய கோழியின் கழுத்து மாதிரி. அந்தக் கழுத்துக்குள் ஒரு சொல் இருக்கிறது. ஐம்பத்தெட்டு வருஷமாக உள்ளேயே இருக்கிறது. அது வெளியே வராமல் இந்தக் கழுத்து நின்றுபோய்விட்டால் என்ன செய்வது? வரும்போதே வாசலில் பன்னீர் தெளித்த பெண் ஒரு காகிதக் கோப்பையை நீட்டினாள். நுங்கு சர்பத்துங்க, குடிங்க என்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். சர்க்கரை இருக்குதாட்ட இருக்கு என்று அவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது. சர்க்கரை இல்லை. எட்டு வயசில் தின்றதுதான் கடைசி நுங்கு. அதற்கப்புறம் இல்லை.

மேளக்காரர் துணியை எடுத்து உருமியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஆரம்பிக்கவில்லை. முகூர்த்தம் ஒன்பதரைக்கு. அதற்கு முன்னால் இணைச்சீர். மாப்பிள்ளை மணையில் நிற்க, பக்கத்தில் அவனோடு கூடப்பிறந்தவள் நிற்பாள். கூறைச்சேலையை மூங்கில் கூடையில் வைத்து அவள் ஏந்திக்கொள்ள, சேலையின் ஒரு முனையை அவன் பிடித்துக்கொள்வான். உனக்குப் பொண்டாட்டி வந்தாலும் நான் இருக்கிறேன், என்னை விட்டுவிடாதே என்று அந்தச் சேலை சொல்கிறது என்பார்கள். கூடப்பிறந்தவள் இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பெண் யாராவது தங்கை முறைக்கு நிற்கலாம். இங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளை பூபதி, பொங்கியண்ணனின் பேரன், சண்முகத்தின் ஒரே பையன். ஒரே பையன் என்பது தானாக நடந்தது இல்லை. பூபதிக்கு அப்புறம் இரண்டு தடவை அவன் அம்மாவை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், ஆப்பிள் பையோடு திரும்பி வந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. சரி, பங்காளி வீடுகளில் யாராவது? அங்கே மூன்று பையன், இங்கே இரண்டு பையன், அடுத்த வீட்டில் ஒரே பையன். எல்லார் வீட்டிலும் மீசை. மொத்தப் பங்காளியிலும் சேலை கட்டுகிற வயசில் இருக்கும் பெண் ஒருத்திதான். மாரப்பனின் மகள் தாரணி. நினைக்க நினைக்க அவருக்கு நாக்கில் ஏதோ இனித்தது. பொங்கியண்ணா, நீ ஒன்று போதும் என்றாய். இப்போது அந்த ஒன்றும் என் வீட்டில் இருக்கிறது. நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும். அதுதான் அவன் சொன்னது. அப்போது எல்லாரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. பொங்கியண்ணனுக்கு மகள் கமலம் இரண்டு வயசில் தவழ்ந்து முடித்து நடந்துகொண்டிருந்தாள். மாரப்பனின் அம்மாவுக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்தது. எட்டு வயசு மாரப்பன் ஆட்டுக்குட்டியை வேடிக்கை பார்ப்பதுபோல அதன் பக்கத்திலேயே கிடந்தான். விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். விடாது. அந்தப் பிடி ஞாபகம் இருக்கிறது, முகம் ஞாபகம் இல்லை. ஒன்பது நாளா, பதினொரு நாளா? இங்கேதான் எப்போதும் சிக்கிக்கொள்ளும். ஒன்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், அது தெரியும், சீயக்காய் வாசனை தெரியும். அதற்கு அடுத்த நாளா, அதற்கும் அடுத்த நாளா? ஒரு மனுஷி இந்த உலகத்தில் எத்தனை நாள் இருந்தாள் என்றுகூடச் சரியாகத் தெரியாமல் அவளுடைய அண்ணன் அறுபத்தாறு வயசுக்கு வந்துவிட்டான். ஒரு மத்தியானம் அப்பனும் பெரியப்பனும் மாட்டுக்கொட்டகையில் பேசினார்கள். ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதுமடா, ரெண்டையும் யாரு சீர் செஞ்சு அனுப்பறது, காட்டை வித்தா? அப்பன் ஒன்றும் சொல்லாமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லாதது என்ன சொல்லியது என்பது எட்டு வயசில் புரியாது. பெரியப்பன் வெளியே வந்து, சாமி, பனைமரத்துக்கிட்ட வா என்று கூட்டிக்கொண்டு போனான். தானே குலையை இறக்கினான். தானே சீவினான். மூன்று கண்ணும் திறந்து, தண்ணீர் ததும்ப, கையில் கொடுத்தான். தின்னு சாமி, எளசா இருக்குது. தின்னுட்டு இங்கயே நெழல்ல இரு, நான் வந்து கூப்படறேன். கட்டைவிரலை விட்டு உறிஞ்சித் தின்றான் மாரப்பன். இளசுதான். இனிப்புதான். மூன்று கண்ணையும் தின்று, அடுத்ததையும் எடுத்துத் தின்று, தோலை வண்டிச்சக்கரமாக உருட்டி விளையாடி, யாரும் கூப்பிட வராமல் தானாகவே வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் கொடியில் தூளித்துணி ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குரல் இல்லை. அந்த வீட்டில் பகல் முழுவதும் ஒரு குரல் இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான். மாரப்பனின் விரலில் இன்னும் நுங்குத்தண்ணீர் பிசுபிசுத்தது. அவன் தின்றுகொண்டிருந்த நேரத்தில் அது நடந்தது. அவன் அழுதிருக்கலாம், நான் போகிறேன் என்று ஓடி வந்திருக்கலாம், விரலை அது பிடித்திருந்தால் யாராலும் எடுத்துக்கொண்டு போயிருக்க முடியாது. இல்லை, முடியும். எட்டு வயசு விரல். ஆனால் தின்றது தின்றதுதானே. இனித்தது இனித்ததுதானே. அதற்கும் சேர்த்துத்தான் பொங்கியண்ணன் பதில் சொல்லவேண்டும்.

"அப்பா, காப்பி கொண்டுவரட்டுங்களா?" தாரணி. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து குனிந்து கேட்டாள். பச்சைப் பட்டு. திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீசில் வேலை, இருபத்துமூன்று வயசு, லீவு போட்டு வந்திருக்கிறாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "என்னமோ பரீட்சைக்கு வந்தவராட்ட உக்காந்திருக்கறீங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரியாது. மனைவி தேவகிக்கும் தெரியாது, கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருஷம் ஆனவளுக்கு. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் இடத்தைக் கேட்பார்கள். எங்கே புதைத்து வைத்தார்கள் என்று கேட்பார்கள். அது அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அம்மா சாகக் கிடந்தபோது கேட்டுப்பார்த்தார். எங்கம்மா வெச்சீங்க? எனக்கென்ன தெரியும் கண்ணு, உங்க பெரியப்பன்தான் துணில சுத்தி எடுத்துட்டுப் போனாரு என்றாள். அதோடு சரி. காடு பாகம் பிரித்தபோது மாரப்பன் பனைமரத்துப் பக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டார். அங்கேதான் இருக்கும் என்று ஒரு எண்ணம். எடுத்துக்கோ, எனக்கென்ன என்று உடனே விட்டுக்கொடுத்தான் பொங்கியண்ணன். அவ்வளவு சுலபமாக விட்டானே, அப்படியானால் அங்கே இல்லை. அப்படியானால் கிணற்றுமேட்டுப் பக்கம். அந்தப் பக்கம் சண்முகம் கோழிப்பண்ணை போட்டுவிட்டான். பத்தாயிரம் கோழி. மேலே நின்று எச்சமிடுகின்றன. அல்லது நான் அப்படி நினைக்கட்டும் என்றுதான் சுலபமாக விட்டுக்கொடுத்தானோ? பனைமரத்தடியிலேயேதான் இருக்கிறாளோ, நான் சோளம் விதைத்துக்கொண்டு அவள்மேல் உழுதுகொண்டிருக்கிறேனோ? ஏர் ஓட்டும்போதெல்லாம் ஒரு இடத்தில் கலப்பையைத் தூக்கித் தூக்கி வைப்பார். பார்க்கிறவர்கள் கல் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். டிராக்டர் வந்த பிறகு அதுவும் முடியவில்லை.

உருமி ஒரு தட்டுத் தட்டி நின்றது. மேடையில் பாவாயி. மாப்பிள்ளையின் அம்மா. அரக்குப் பட்டு, நரைத்த தலை, கை நிறைய வளையல். குத்துவிளக்குக்குத் திரி சரி செய்துகொண்டிருந்தாள். அந்தக் கையை முதலில் பார்த்தபோது இரண்டே வளையல்தான். காப்பி டம்ளரை மாரப்பன் முன்னால் வைத்தபோது வளையல் டம்ளரில் பட்டு ஒரு சத்தம் வந்தது. மாரப்பனுக்கு அப்போது இருபத்தேழு. புதுச்சட்டை. பெண் பார்க்க ஒரு வேனில் போயிருந்தார்கள். அம்மா பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது, ஜாதகம் சரி, குலம் சரி, காடு சரி. பாவாயியின் அப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். எங்க பையனுக்கும் ஒரு பொண்ணு வேணுமுங்க, எங்க தேடியும் அமையல, குடுத்து எடுத்தா ரெண்டு வீட்டுக்கும் தோதாப் போயிரும். பொங்கியண்ணன் பெரிய மனுஷனாக நடுவில் உட்கார்ந்திருந்தான். காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்து, மேல்துண்டால் மீசையை ஒற்றிக்கொண்டு சொன்னான். இவனுக்குத்தான் கூடப்பொறந்த பொண்ணே இல்லையே. எனக்குக் கமலம் இருக்கறா. எம்பையன் சண்முகத்துக்குப் பாருங்க. அதே பாயில். எழுந்துகூடப் போகவில்லை. மாரப்பனுக்குப் பார்த்த பெண் அந்தப் பாயிலேயே சண்முகத்துக்கு முடிவானாள், கமலம் பாவாயியின் அண்ணனுக்கு முடிவானாள். தன்னுடையதை வைத்துக்கொண்டான், என்னுடையதை எடுத்துவிட்டான். பிறகு தன்னுடையதைக் கொடுத்து எனக்கு வந்ததை எடுத்துக்கொண்டான். பத்தொன்பது வயசில் தங்கை இருந்திருப்பாள் அப்போது. பாவாயியின் அண்ணனுக்குக் கொடுத்திருக்கலாம். பாவாயி என் வீட்டுக்கு வந்திருப்பாள். அவளை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கமாட்டேன், ஒரு தடவைகூட. அந்த இரண்டு குழந்தையும் இருந்திருக்கும். வேனில் திரும்பி வரும்போது பழத்தட்டு மாரப்பன் மடியில் இருந்தது. அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். சண்முகம் கல்யாணத்தில் மாரப்பன்தான் பந்தியில் சாம்பார் ஊற்றினார். பாவாயி இலையிலும் ஊற்றினார். போதுமுங்க என்று கையைக் குறுக்கே வைத்தாள்.

அதற்கப்புறம் பதினான்கு வருஷம். கூடப்பிறந்தது இல்லை, சீர் செலவு இல்லை, காடு பிரியாது, இவனுக்குப் பொண்ணு குடுக்க வரிசையில வந்து நிப்பாங்க பாரு என்று மாரப்பனின் சின்ன வயசில் பொங்கியண்ணன் சொல்வான். யார் வந்து நின்றார்கள்? தரகர்கள் வந்து நின்றார்கள். அக்கா தங்கச்சி எத்தனை என்று கேட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்றதும் பையை எடுத்துக்கொண்டார்கள். நாற்பத்தொரு வயசில் பாலக்காட்டுப் பக்கமிருந்து தேவகி வந்தாள். அப்பன் இல்லாத பெண். அவள் பேச்சு ஊருக்குச் சிரிப்பாக இருந்தது, ஆனால் அவள் வந்த பிறகுதான் வீட்டில் விளக்கு எரிந்தது. கோயிலில் வைத்துத்தான் கல்யாணம். அதிலும் இணைச்சீர் உண்டே, யார் நிற்பது? கமலம் நிற்கிறேன் என்றாள். நல்லவள், அவள்மேல் கோபமில்லை. சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பொங்கியண்ணன் வாசலில் மறித்தான். எந்த ஊரோ, என்ன குலமோ, அவளுக்கு முன்னால எம்பொண்ணு கூறைச்சேலை தூக்கி நிக்கோணுமா? போ உள்ள. சீர் நடத்தும் அருமைக்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அதை விட்டுரலாமுங்க, அடுத்ததுக்குப் போலாம் என்றார். மாரப்பன் தனியாக நின்றார். இடதுபக்கம் காலி. யாரும் பார்க்கவில்லை, அவர் மட்டும் பார்த்தார், அங்கே ஒரு ஆள் அளவுக்குக் காற்று நின்றுகொண்டிருந்ததை. இன்றைக்குப் பூபதிக்கு வந்திருக்கும் பெண் எந்த ஊர்? அதே பாலக்காடு. பதினோரு வருஷம் தேடினார்கள். முப்பத்தெட்டு வயசு ஆகிவிட்டது, முன்மண்டை வெளுத்துவிட்டது. ஜாதகம் எடுத்துக்கொண்டு போகாத ஊரில்லை. எங்கேயும் பெண் இல்லை. எங்கிருந்து இருக்கும்? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொங்கியண்ணன் இருந்திருக்கிறான். இப்போது குலம் எங்கே போயிற்று, எந்த ஊரோ என்றது எங்கே போயிற்று? மேடையில் சரிகை மின்ன மின்ன வரவேற்கிறார்கள். பூபதிமேல் கோபமில்லை. அவன் வண்டியை நிறுத்தி, சித்தப்பா ஏறுங்க என்று கூப்பிடுகிற பையன். ஆனால் கோபம் ஆளைப் பார்த்து இறங்குகிறதா என்ன?

தாரணிக்கும் வருகிறார்கள். வாரத்துக்கு ஒரு அம்மா. எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க, பொண்ணை மட்டும் குடுங்க, நகை நாங்களே போட்டுக்கறோமுங்க. மாரப்பன் நாற்காலி போட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, அவர்கள் கெஞ்சுவதை முழுசாகக் கேட்டுவிட்டு, யோசிக்கறேங்க என்று அனுப்பிவிடுவார். அவர்கள் வாசல் தாண்டும் வரைக்கும் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் ஒரு ருசி. போன மாசம் தாரணி கேட்டுவிட்டாள். "அப்பா, நீங்க எனக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா, இல்ல வர்றவங்கள அழவெக்கறீங்களா? எனக்கு வெளங்கல." அவர் செருப்பைத் தேடுவதுபோல வெளியே போய்விட்டார். அவள் சொன்னது முள்ளாகக் கிடக்கிறது. நானும் ஒரு பெண்ணை எடுத்து எதற்கோ வைத்துக்கொண்டிருக்கிறேனா? இல்லை. நான் வேறு, அவன் வேறு. நான் வளர்த்தேன், படிக்கவைத்தேன். அவன் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். அவன் சாகக்கூடாது. அதுதான் பயம். ஊரில் கண்ணீர் அஞ்சலித் தட்டி கட்டினால் முதலில் ஓடிப் பார்ப்பது மாரப்பன்தான். அவன் படம் இல்லையென்றால் மூச்சு வரும். கொரோனாக் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்து, பெரியப்பா சாப்ட்டாருங்களா, மாத்திரை போட்டாருங்களா என்று கேட்டார். பெத்த மகனுக்குக்கூட இந்தப் பாசம் இல்லை என்று ஊர் மெச்சியது. பாசம். அவன் செத்தால் இடமும் அவனோடு செத்துப்போகும், அதற்கு.

எட்டு நாளுக்கு முன்னால் சண்முகம் வந்தான். அறுபத்தேழு வயசு, மாரப்பனுக்கு ஒரு வயசு மூத்தவன். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான், எப்போதும் விடமாட்டான். "மாரப்பா, தாரணிப் பாப்பாளை இணைச்சீருக்கு அனுப்பு. வேற ஆளு இல்லே, உனக்கே தெரியும்." "உங்கப்பன் வந்து கேக்கட்டும்" என்றார் மாரப்பன். "அவருக்கு ஒரு நாளைக்கு ஞாபகம் இருக்குது, ஒரு நாளைக்கு இல்லே. நடக்கறதுக்கும் முடியறதில்லே. அவரைப் போயி..." "மண்டபத்துல கேக்கட்டும். எல்லாரும் இருக்கையில." சண்முகம் எதற்கு என்று கேட்கவில்லை. அப்போது அவனுக்கும் ஒன்பது வயசு இருந்ததே, அவனுக்கும் தெரியும், அவனுக்கும் அன்றைக்கு நுங்கு கிடைத்ததோ என்னவோ. சரி என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சரிக்காகத்தான் இந்த வேட்டி, இந்த நாற்காலி, இந்தக் காற்றாடி.

உருமி ஆரம்பித்துவிட்டது. அருமைக்காரர் மேடை விளிம்புக்கு வந்து மைக்கைத் தட்டினார். "இணைச்சீர்காரி வரலாமுங்க." பூபதி மணையில் ஏறி நின்றான். கூடையும் சேலையும் தயாராக இருந்தன. தாரணி எழுந்திருக்கவில்லை. தூரத்திலிருந்து அப்பனைப் பார்த்தாள். இரு என்று கையைக் காட்டினார். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். தலைகள் திரும்பின. யாரோ, என்னடா, பொண்ணு வீட்டுக்காரன் முறுக்கிக்குவான், இங்க பங்காளி முறுக்கிக்கறான் என்றார். சிரித்தார்கள். சண்முகம் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மாரப்பனின் வரிசைக்கு வந்தான். சக்கரம் கம்பளத்தில் மாட்டி மாட்டி வந்தது. கடைசியில் முகத்துக்கு நேராக முகம். எத்தனை வருஷமாக நினைத்து வைத்திருந்த முகம், இவ்வளவு சின்னதாக இருந்தது. கண்ணில் சாம்பல் வளையம். சண்முகம் காதில் குனிந்து, "அப்பா, கேளுங்க" என்றான். பொங்கியண்ணன் வாயை அசைத்து ஈரப்படுத்திக்கொண்டான். "உம்புள்ளைய அனுப்பு, மாரப்பா." எல்லாரும் கேட்டார்கள். கேட்டாயிற்று. இப்போது நம்முடைய முறை. அவர் எழுந்தார், ஊருக்குக் கேட்கும்படி சொல்லத்தான் இத்தனை வருஷம் வாக்கியம் கட்டி வைத்திருந்தார், அத்தனையும் எங்கேயோ போய்விட்டது. குனிந்து, கிழவனுக்கு மட்டும் கேட்கும்படி, எட்டு வயசுக் குரலில் கேட்டார். "எங்கீங்க பெரியப்பா வெச்சீங்க?"

பொங்கியண்ணன் அவரையே பார்த்தான். உருமி நின்றிருந்தது. "எதைச் சாமி?" "எந்தங்கச்சிய." கிழவனின் கை நாற்காலிப் பிடியில் இரண்டு தடவை தட்டியது. "உனக்குத்தான் கூடப்பொறந்த பொண்ணே இல்லையே" என்றான். அதே வார்த்தை. பாயில் உட்கார்ந்து சொன்ன அதே வார்த்தை, அதே இழுப்பு. மறந்துபோய்ச் சொல்கிறானா, மறக்காமல் சொல்கிறானா? சாம்பல் கண்ணுக்குள் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. சண்முகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், மாரப்பனின் அப்பன் அன்றைக்குக் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரியே. மாரப்பன் நிமிர்ந்தார். மேடையைப் பார்த்துச் சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "எம்மக நிக்கமாட்டாளுங்க. அந்த எடம் காலியாவே இருக்கட்டும்." ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. யாரோ ஒரு கிழவர் ஏசினார். நேரம் போகுதுங்க என்று இன்னொருவர். அருமைக்காரர் சின்னப் பையன் இல்லை, இந்த மாதிரி எத்தனையோ பார்த்தவர். மனவருத்தத்தோடு கூடையை மணைமேல் பூபதியின் இடதுபக்கம் வைத்து, சேலையின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, மறுமுனையைக் கூடைக்குள்ளேயே மடித்து வைத்தார். பாட்டை ஆரம்பித்தார். பூபதி கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூடைக்குப் பக்கத்தில் நெருங்கி நின்றிருந்த பாவாயி, அந்த வெறுமையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, யாரோ நிற்க இடம் விடுவதுபோல, இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். அதை மாரப்பன் ஒருவர்தான் கவனித்தார்.

தாரணி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது. "பூபதி அண்ணன் என்ன பண்ணுச்சு உங்கள? நான் நின்னிருப்பேன்." அவர் கையில் இருந்த அட்சதையை இறுக்கி மூடிக்கொண்டார். "என்னை எதுக்குப்பா எல்லாத்துக்கும் நடுவுல வெக்கறீங்க? காரணம்னு ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க." மேடையில் பாட்டு, கூடப்பிறந்தாளே, குலம் விளங்க வந்தாளே என்பதுபோல ஏதோ போய்க்கொண்டிருந்தது. இல்லாதவளுக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள், முதல் தடவையாக. "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா" என்றார் மாரப்பன். தன் குரலே காதில் புதிதாகக் கேட்டது. "ஒம்பது நாளு. இல்ல, பதினொண்ணு." தாரணி அவரைப் பார்த்தாள், சக்கர நாற்காலியைப் பார்த்தாள், திரும்பவும் அவரைப் பார்த்தாள். இந்த ஊரில் பிறந்த பெண், மீதியை யாரும் சொல்லவேண்டியதில்லை. மெதுவாகக் கேட்டாள். "பேரென்னங்கப்பா?" "வெக்கல." அவள் கையை நீட்டி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஒரே விரலை. விடுவித்துக்கொள்ளத் தோன்றியது, செய்யவில்லை. கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை பறந்தது, அவர் கையில் இருந்த அட்சதை வேர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. போடவில்லை.

சண்முகம் தாலி கட்டுகிற இடத்துக்கு ஓடியதில் நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். முழங்காலும் முழங்காலும் இடிக்கிற தூரத்தில் பொங்கியண்ணன். ஒரு பெண் தட்டோடு வந்து ஆளுக்கொரு கோப்பை நுங்கு சர்பத் நீட்டினாள். கிழவன் ஒன்றை வாங்கினான். குடிக்கவில்லை. உள்ளே மிதந்த வெள்ளைத் துண்டுகளைக் கண்ணை இடுக்கிப் பார்த்தான். பிறகு கோப்பையை மாரப்பனிடம் நீட்டினான். "தின்னு சாமி" என்றான். "எளசா இருக்குது."

மேளம் காதைப் பிளந்தது. அதில் கேட்டது இதுதானா என்று மாரப்பனுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. கிழவனின் உதட்டைப் பார்த்தார். உதடு மூடிக்கொண்டுவிட்டது. கண் மேடைப் பக்கம் போய்விட்டது, கூடை இருந்த இடத்துக்கு. தெரியும். இவனுக்கு எல்லாம் தெரியும். நாள் தெரியும், மரம் தெரியும், தோண்டின ஆழம் தெரியும். கோப்பை அவர் கையில் இருந்தது, வழிந்து விரலில் பிசுபிசுத்தது. தாரணி அவருடைய இன்னொரு கையை விடாமல் பிடித்திருந்தாள். "வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். "நீ அம்மாவைக் கூட்டிட்டுப் போ கண்ணு" என்றார். நாற்காலியை இழுத்து, கிழவனின் காதுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"எங்கீங்க பெரியப்பா?" என்றார்.